வியன்னா நாற்காலி

ருஷ்ய மொழியில் ‘வென்ஸ்கி ஸ்தூல்’ என வழங்கும் இத்தொடர், பதப்பொருளில் வியன்னா நகரத்து நாற்காலி என்பதாயினும், வழக்கில் நீராவியால் இளக்கி வளைத்த மரத்தாலான எந்த நாற்காலியையும் குறிக்கும். இப்பெயருக்கு வியன்னா முழு உரிமை கொண்டாடுவதற்கில்லை. ஏனெனில், அதனைச் சிருஷ்டித்த மிகையேல் தோனெட் 1796-இல் ரைன் நதிக்கரையிலுள்ள போப்பார்டில் பிறந்தவர். அவர் குடும்பத்தாரின் பெருந்தொழிற்சாலையோ பீச் மரக் காடுகள் மிகுந்த மொராவியாவில் எழுந்தது. ஆஸ்திரிய மந்திரி மெட்டர்னிக்கின் ஆதரவால் 1842-இல் அவர் வியன்னாவில் குடியேறியதும், 1856-இல் இத்தொழிலுக்கு ராஜாங்க உரிமை பெற்றதுமே அந்நகரின் பெயர் ஒட்டிக்கொள்ளக் காரணம் எனலாம்.

வளையும் மரத்தின் வெளிப்புறம் இழுபட்டுப் பிளந்துவிடாதபடி, அதன்மேல் எஃகுப் பட்டையை இறுகப் பொருத்தி, பட்டையும் மரமும் ஒருசேர வளையச் செய்த சாமர்த்தியமே இத்தொழிலின் ஜீவநாடி. 1859-இல் தோன்றிய 14-ஆம் எண் நாற்காலி ஆறே மர உறுப்புகளாகப் பிரிந்து, ஒரு கனமீட்டர்ப் பெட்டிக்கு 36 வீதம் அடங்கி, தேசாந்தரங்களுக்கெல்லாம் கப்பலேறிற்று.

1869-இல் தோனெட் பெற்றிருந்த ராஜாங்க உரிமை நீங்கியபின் போட்டியாளர் பலர் பெருகினமையால், பழம்பொருள் சேகரிப்போர் பெயரை மாத்திரம் நம்பி விலை கொடுக்கலாகாது. நாற்காலியைக் கவிழ்த்து, இருக்கை வளையத்தின் உட்புறத்தில் ஒட்டிய காகிதச் சீட்டோ, மரத்திற் பதித்த முத்திரையோ உண்டா என்று முதலிற் பார்த்துக்கொள்க.