எரிசோடா டப்பாவும் 24 புள்ளி எழுத்தும்

வீட்டு உபயோக வேதிப்பொருள்களின் மீது காணும் எச்சரிக்கைச் சொல் உற்பத்தியாளரின் நல்லெண்ணத்தால் தோன்றியதன்று. அமெரிக்காவில் அதனைச் சட்டமாக்கியதில் பெரும்பங்கு செவாலியர் ஜாக்சன் (1865–1958) என்னும் தொண்டை மருத்துவருக்கு உரியது. 'செவாலியர்' என்பது இங்கு விருதன்று; இயற்பெயர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு இல்லங்களில் சோப்புக் காய்ச்சவும் கழிவுக்குழாய் அடைப்பு நீக்கவும் எரிசோடா சாதாரணமாகப் புழங்கியது. அவ்வெண்ணிறப் பொருளைச் சர்க்கரையென எண்ணிக் குழந்தைகள் வாயிலிட்டனர். அமிலம் பட்ட திசு பெரும்பாலும் உறைந்து பொருக்காகி, மேலும் அரிப்பதை ஓரளவு தடுக்கும். காரமோ கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, ஆழத்திற்கு இறங்கும். உயிர்தப்பிய குழந்தையின் உணவுக்குழாய் சில வாரங்களில் வடுவால் சுருங்கத் தொடங்கும். பிட்ஸ்பர்க்கிலும் பின்னர் ஃபிலடெல்ஃபியாவிலும் பணியாற்றிய ஜாக்சனிடம், தண்ணீர்கூட விழுங்கவியலாத நிலையில் இத்தகைய குழந்தைகள் கொண்டுவரப்பட்டனர். தாம் செம்மைப்படுத்திய அகநோக்கிக் கருவியின் துணையால் அச்சுருக்கத்தை அவர் சிறிது சிறிதாக விரித்தார். பொறுமை வேண்டிய, நெடுநாள் நீளும் சிகிச்சை அது. காரணம் கடையில் இருக்க, மருத்துவமனையில் மட்டும் அதனோடு போராடுவதில் பயனில்லை என்பது அவருக்கு விளங்கிற்று. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆதரவுடன் அவர் சட்டமியற்றும் அவைகளை ஆண்டுக்கணக்கில் அணுகினார். 1927 மார்ச் 4 அன்று கூட்டாட்சி எரிநச்சுச் சட்டம் நடைமுறைக்கு உரியதாயிற்று.

அதன் நுணுக்கம் கவனிக்கத்தக்கது. 10 விழுக்காடோ அதற்கு மேலோ சோடியம் ஹைட்ராக்சைடு கொண்ட வீட்டு உபயோகப் பொட்டலத்தில் பொருளின் வழக்குப் பெயர், 'நஞ்சு' என்னும் சொல், விபத்து நேரின் செய்யவேண்டிய சிகிச்சை ஆகியன இடம்பெற வேண்டும். அச்சொல் இடமிருக்கும்வரை 24 புள்ளிக்குக் குறையாத, நெருக்கப்படாத பெரிய எழுத்தில் அமைய வேண்டும். எச்சரிக்கையைப் பொடியெழுத்தில் ஒளிக்கும் வணிகத் தந்திரத்தை முன்னறிந்து எழுதப்பட்ட விதி இது.

ஆயினும் லேபிள் எழுத்தறிந்தோரிடமே பேசும்; விழுங்கியோரோ எழுத்தறியாக் குழந்தைகள். குழந்தையின் கைக்கு எளிதில் திறவாத மூடியைக் கோரும் நச்சுத்தடுப்புப் பொதியல் சட்டம் 1970இல்தான் அங்கு வந்தது.

இந்தியாவின் 1919ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் விற்பனைக் கட்டுப்பாட்டையே மையமாகக் கொண்டது. அமில விற்பனை குறித்த உச்சநீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டு ஆணையும் அமிலவீச்சுக் குற்றங்களை முன்னிட்டுப் பிறந்ததே. வீட்டு விபத்து அதன் பொருளன்று. கழிப்பறை அமிலத்தைப் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றித் தெருவில் விற்கும் இடத்தில் மூடியும் பழையது, லேபிளும் குளிர்பானத்தினுடையது.