ஸ்குவிட்: மூல நிரலால் நிலைத்த பதிலி வழங்கி

ஸ்குவிட் என்பது திறந்த மூலப் பதிலி வழங்கி மென்பொருள் ஆகும். ப்ராக்ஸி என்று பரவலாக அழைக்கப்படும் பதிலி வழங்கி, பயனரின் கணினிக்கும் வலைத்தளத்துக்கும் நடுவில் நின்று, பயனர் கேட்கும் பக்கத்தை அவர் சார்பில் பெற்றுத் தருகிறது. பெற்ற பக்கத்தின் படியைச் சேமித்து வைத்து, அதையே அடுத்துக் கேட்பவருக்கு உடனே அளிப்பதும் அதன் பணியாகும். மூல நிரல் எல்லோருக்கும் கிடைப்பதால் ஒரு மென்பொருளின் ஆயுள் எவ்வாறு நீள்கிறது என்பதற்கு ஸ்குவிட்டின் வரலாறு ஓர் எடுத்துக்காட்டு.

தோற்றம்

1990களின் நடுப்பகுதியில் நாடுகளை இணைத்த இணைய இணைப்புகள் மெதுவானவை, செலவும் மிகுந்தவை. ஒரே பக்கத்தை நூறு பேர் கேட்டால் அது நூறு முறை கடல் கடந்து வர வேண்டியிருந்தது. இந்த வீண்செலவைக் குறைக்க, 1994இல் செர்ன் ஆய்வகத்தின் வலை வழங்கி மென்பொருளில் பதிலி வசதி சேர்க்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த ஹார்வெஸ்ட் என்னும் ஆய்வுத் திட்டமும் விரைவான சேமிப்பு வழங்கி ஒன்றை உருவாக்கியது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சுவார்ட்ஸ், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் டான்சிக் ஆகியோர் அதில் முக்கியப் பங்கு வகித்தனர்.

ஒரு வேர், இரு கிளைகள்

ஹார்வெஸ்ட் வழங்கி பின்னர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை வணிகப் பொருளாகி நெட்கேச் என்ற பெயர் பெற்றது. அதை 1997இல் நெட்வொர்க் அப்ளையன்ஸ் நிறுவனம் வாங்கியது; 2006இல் அது புளூ கோட் நிறுவனத்துக்குக் கைமாறியது.

மற்றொரு கிளையே ஸ்குவிட். டுவான் வெசல்ஸ், ஹார்வெஸ்ட்டின் இலவசப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் இதை வளர்த்தார். முதல் பதிப்பு 1996இல் வெளிவந்தது. கணவாயைக் குறிக்கும் ஸ்குவிட் என்ற சொல், உருவாக்கத்தின்போது தற்காலிகமாக வைக்கப்பட்ட பெயர், அதுவே நிலைத்துவிட்டது. அண்டை வழங்கிகள் தம்மிடமுள்ள படிகளைப் பற்றி ஒன்றையொன்று கேட்டறியும் நெறிமுறை 1997இல் ஆவணமாக வெளியிடப்பட்டது.

அரசு நிதி நின்ற பிறகும் ஸ்குவிட் நிற்கவில்லை. அது குனு பொதுமக்கள் உரிமத்தில் வெளியிடப்பட்டிருந்ததால், எவரும் நிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் முடிந்தது. தன்னார்வலர்கள் பணியைத் தொடர்ந்தனர். சி மொழியில் இருந்த நிரல் சி++ மொழிக்கு மாற்றப்பட்டு, 2007இல் 3.0 பதிப்பு வெளிவந்தது. விக்கிப்பீடியா தளங்களும் பல ஆண்டுகள் ஸ்குவிட் வழியாகவே பக்கங்களை வழங்கின. தமிழ் விக்கிப்பீடியாவும் அவற்றுள் ஒன்று.

மூல நிரலிலிருந்து கட்டுதல்

ஆயத்தப் பொதியாக நிறுவுவது எளிது. ஆனால் அதில் எந்த வசதிகள் இருக்க வேண்டும் என்பதை, பொதியைத் தயாரித்தவரே முன்கூட்டி முடிவு செய்திருப்பார். மூல நிரலிலிருந்து கட்டுபவர் அதைத் தாமே முடிவு செய்கிறார். இந்தப் பணி மூன்று கட்டளைகளில் நடைபெறுகிறது.

முதலாவது, கான்ஃபிகர். இது கணினியில் நிரல்மாற்றியும் தேவையான நிரலகங்களும் உள்ளனவா என்று சோதித்து, வேண்டிய வசதிகளைக் குறித்துக்கொண்டு, மேக்ஃபைல் என்னும் பணிப்பட்டியலை எழுதுகிறது. இத்தகைய சோதனை நிரல்களைத் தானே எழுதித் தரும் ஆட்டோகான்ஃப் கருவி 1991இல் தொடங்கப்பட்டது.

இரண்டாவது, மேக். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் உருவாக்கிய கருவி இது. பணிப்பட்டியலைப் படித்து, மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றச் செய்கிறது.

மூன்றாவது, மேக் இன்ஸ்டால். உருவான கோப்புகளை உரிய இடங்களுக்கு நகலெடுக்கிறது. வழக்கமாக இந்தக் கடைசிப் படிக்கு மட்டுமே நிர்வாகி உரிமை தேவைப்படும். பின்னர் அமைவுக் கோப்பில் யாருக்கு அனுமதி என்பதை எழுதி இயக்கினால், ஸ்குவிட் 3128ஆம் துறையில் வேண்டுகோள்களை ஏற்கும்.

இந்த உழைப்புக்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் பழைய உரிமம் குனு உரிமத்துடன் பொருந்தாததால், டெபியன் இயங்குதளத்தின் ஆயத்தப் பொதியில் அது நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை. அந்த வசதி தேவைப்பட்ட நிர்வாகிகள் தாங்களே மூல நிரலிலிருந்து கட்டிக்கொண்டனர்.

இன்றைய நிலை

பெரும்பாலான தளங்கள் மறைகுறியாக்கப்பட்ட இணைப்புக்கு மாறிவிட்டன. நடுவில் நிற்கும் வழங்கியால் பூட்டிய உறையைப் பிரித்துப் படியெடுக்க இயலாது. எனவே சேமிப்புப் பணி சுருங்கியது. அலுவலகங்களிலும் கல்வி நிலையங்களிலும் அணுக்கத்தை ஒழுங்குபடுத்தவே ஸ்குவிட் இப்போது மிகுதியாகப் பயன்படுகிறது.

2021இல் ஸ்குவிட்டின் நிரலை ஆராய்ந்த ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், 55 குறைகளைக் கண்டறிந்ததாக 2023இல் வெளியிட்டார். அவற்றுள் பெரும்பாலானவை அதுவரை திருத்தப்படாமல் இருந்தன. உலகெங்கும் பயன்படும் ஒரு மென்பொருளைச் சில தன்னார்வலர்களே பராமரிப்பதன் விளைவு இது. நிரல் திறந்திருந்ததால் குறைகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஆனால் அவற்றைத் திருத்த ஆட்கள் வேண்டும். மூல நிரலை இறக்கிக் கட்டிப் பார்க்கும் மாணவர், அதைப் படித்துத் திருத்தக் கற்றுக்கொண்டால் அந்தப் பணியில் தாமும் சேரலாம்.