செத்தவர் வாங்கிய கூலி

'சட்டம் எனக்குத் தெரியாது' என்று குற்றவாளிக் கூண்டில் நின்று சொன்னால் எந்த நீதிபதியும் அதை ஏற்பதில்லை. பிரஜை என்று பிறந்துவிட்டால் சட்டம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம் என்று பாவிப்பது நீதிமன்றத்தின் வழக்கம். நியாயந்தான். ஆனால் சர்க்கார் அவனுக்குத் தர வேண்டியது எவ்வளவு என்பதை அவனுக்குத் தெரியாமலே பூட்டி வைத்திருந்தால், அதை எந்தக் கூண்டில் ஏற்றுவது? இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர்கள் வக்கீல்கள் அல்லர். ராஜஸ்தானத்தில் பஞ்ச நிவாரண வேலைக்குப் போய் மண் சுமந்த கூலிக்காரர்கள். அவர்கள் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆரவல்லி மலைத் தொடரை ஒட்டி பீம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பீமன் பெயரில் மட்டுந்தான். மழை பொய்த்தால் அந்த வட்டாரமே மெலிந்துவிடும். அத்தகைய ஆண்டுகளில் சர்க்கார் அங்கே ரோடு போடும், குளம் வெட்டும். ஏழைகள் போய் மண் வெட்டிக் கூலி வாங்குவார்கள். நிவாரண வேலைதானே என்று குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுப்பது கட்டாய வேலை வாங்குவதற்குச் சமம், அரசியல் சாசனத்தின் 23ஆவது ஷரத்துக்கு விரோதம் என்று 1983லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியாயிற்று. அதுவும் ராஜஸ்தானத்திலிருந்து போன வழக்கில்! தீர்ப்பு டில்லியில் பத்திரமாக இருந்தது. பீம் வட்டாரத்தில் கூலி குறைந்தேதான் வந்தது.

1987ல், பீமுக்குப் பக்கத்தில் தேவ்டுங்ரி என்ற கிராமத்தில், ஒரு மண் வீட்டில் சிலர் வந்து குடியேறினார்கள். அவர்களில் ஒருவர் அருணா ராய். 1946ல் சென்னையில் பிறந்த தமிழ்ப் பெண்மணி, ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை 1975ல் உதறியவர். இன்னொருவர் நிகில் டே, அமெரிக்காவில் படிப்பை விட்டு வந்த இளைஞர். மூன்றாமவர் சங்கர் சிங், அந்தப் பக்கத்துக்காரர். பொம்மலாட்டமும் பாட்டும் கேலியும் தெரிந்தவர். என்னைக் கேட்டால், மூவரில் மிகவும் அவசியமானவர் இவர்தான் என்பேன். சட்டத்தை அறிந்தவர்கள் எங்கும் கிடைப்பார்கள். அதைச் சந்தையில் நின்று ஜனங்கள் சிரிக்கும்படி சொல்லத் தெரிந்தவர் கிடைப்பது அரிது.

1990 மே முதல் தேதி 'மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்று உழைப்பாளிகளும் விவசாயிகளும் சேர்ந்த ஓர் அமைப்பு உதயமாயிற்று. கூலி கேட்டுப் போராடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் கிடைத்தது: "நீங்கள் முழு வேலை செய்யவில்லை. மஸ்டர் ரோலில் அப்படித்தான் இருக்கிறது."

மஸ்டர் ரோல் என்பது வேலைத்தலத்து ஆஜர் பட்டியல். யார் வந்தார்கள், எத்தனை நாள், எவ்வளவு கூலி, பெருவிரல் ரேகை எல்லாம் அதில் இருக்கும். அதைக் காட்டுங்கள் என்றால், சர்க்கார் தஸ்தாவேஜு, ரகசியம் என்பார்கள். 1923ல் வெள்ளைக்காரர் ஒற்றர்களுக்குப் பயந்து போட்ட ரகசியச் சட்டம், சுதந்திர இந்தியாவில் மண் வெட்டுகிறவளின் கூலியைக் காத்துக்கொண்டிருந்தது!

1994ல் ஒரு வட்டார அதிகாரி மனம் இரங்கிக் காகிதங்களைக் காட்டினார். அவற்றை நகல் எடுத்துக்கொண்டு, டிசம்பர் 2ஆம் தேதி, பாலி ஜில்லாவில் கோட் கிரானா என்ற கிராமத்தில் முதல் 'ஜன சுன்வாய்' நடந்தது. மக்களே கூடிக் கேட்கும் விசாரணை. ஊர் நடுவில் கூட்டம், வெளியூரிலிருந்து வந்த நடுநிலையாளர்கள் சிலர், ஓர் ஒலிபெருக்கி. ஆவேசப் பிரசங்கம் எதுவும் தேவைப்படவில்லை. பட்டியலை அப்படியே வாசித்தார்கள், அவ்வளவுதான். பெயர், நாள், தொகை. பெயருக்குரியவர் எழுந்து, "நான் அந்த வேலைக்கே போகவில்லையே!" என்பார். பட்வாரிக்கு, அதாவது நம் ஊர்க் கணக்குப்பிள்ளை மாதிரியான உத்தியோகஸ்தருக்கு, கட்டிய கட்டடம் பூர்த்தி என்று காகிதத்தில் கண்டிருந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தால், கூரையில்லாமல் நிற்கிறது கட்டடம்!

அந்த டிசம்பரிலும் அடுத்த சில மாதங்களிலும் மற்ற ஊர்களில் கூட்டங்கள் நடந்தன. எப்போதோ பிழைக்க வெளியூர் போனவர்கள் பட்டியலில் ஆஜர். செத்துப் போனவர்களும் மண் சுமந்து கூலி வாங்கியிருந்தார்கள். கதை எழுதுகிறவர்களாகிய நாங்கள் கதாபாத்திரத்தைக் கொன்றுவிட்டால் மறுபடி எழுப்பக் கூசுவோம். இந்தக் கணக்கு ஆசிரியர்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. ஆனால் அவர்களுக்குக் கோபம் வந்தது. தஸ்தாவேஜுகளைக் காட்டச் சொல்லக் கூடாது என்று அஜ்மீர் ஜில்லாவில் கிராம சேவகர்கள் வேலை நிறுத்தமே செய்தார்கள்.

1995 ஏப்ரலில் முதல் மந்திரி பைரோன்சிங் ஷெகாவத், பஞ்சாயத்து வேலைக் கணக்குகளின் நகல் மக்களுக்குக் கிடைக்கும் என்று சட்டசபையில் அறிவித்தார். உத்தரவு வரவில்லை. சரியாக ஓர் ஆண்டு காத்திருந்து, 1996 ஏப்ரல் 6ஆம் தேதி பியாவர் நகரில் தர்ணா உட்கார்ந்தார்கள். உடனே உத்தரவு வந்தது: பார்க்கலாம், நகல் கிடையாது. தர்ணா 40 நாள் நடந்தது. கிராமங்களிலிருந்து தானியம் வந்தது. கடைத்தெருக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். எழுத்து வாசனை அதிகமில்லாத உனக்குத் தகவல் உரிமை எதற்கு என்று பத்திரிகைக்காரர்கள் அவர்களில் ஒரு பெண்ணைக் கேட்டார்களாம். பத்து ரூபாய் கொடுத்துப் பையனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன். என் பெயரைச் சொல்லிக் கோடி கோடியாகச் செலவழிக்கிற சர்க்காரைக் கேட்க வேண்டாமா என்றாள் அவள்.

அடுத்த ஆண்டு கோடையில் ஜெய்ப்பூரில் மறுபடியும் தர்ணா. 53ஆவது நாள் துணை முதல் மந்திரி ஒரு செய்தியை வெளியிட்டார். நகல் பெறும் உரிமையைச் சர்க்கார் ஆறு மாதத்துக்கு முன்பே கெஜட்டில் பிரசுரித்துவிட்டதாம்! வெயிலில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்குத் தெரியாது. அவர்களுடன் பேச்சு நடத்திய உத்தியோகஸ்தர்களும் மூச்சு விடவில்லை. தெரிந்துகொள்ளும் உரிமையையே தெரியாமல் வைத்திருந்தார்கள். நான் இதை ஒரு நாவலில் எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று நீங்கள் கடிதம் போட்டிருப்பீர்கள்.

அதே 1997ல் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் கொண்டு வந்தது. மாநிலங்களில் முதலாவது என்ற பெருமை நமக்குத்தான். ஆனால் எதையெதைக் கேட்கக் கூடாது என்ற பட்டியல் அதில் நீண்டிருந்தது. சட்டம் வந்ததே ஊரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ராஜஸ்தானத்தில் வேறு விதம். 2000ல் அங்கே சட்டம் வந்தபோது, எந்தக் காகிதத்தை எந்த வாசலில் கேட்பது என்று பாட்டாகப் பாடிப் பழகிய ஜனங்கள் இருந்தார்கள்.

இந்தியா முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதைப் பயன்படுத்தப் போய் அடிபட்டவர்கள் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. அதன் 6ஆவது பிரிவில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வாசகம் இருக்கிறது. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், தகவல் அதிகாரி அதை எழுத்தில் கொண்டுவர எல்லா உதவியும் செய்ய வேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று காரணம் விசாரிக்கக் கூடாது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட விஷயமானால் 48 மணி நேரத்துக்குள். மத்திய சர்க்கார் காரியாலயங்களில் கட்டணம் 10 ரூபாய். நம் மாநிலத்திலும் பத்து ரூபாய்தான், கோர்ட்டு ஸ்டாம்பாகவே ஒட்டிவிடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் அத்தாட்சி காட்டினால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டியதில்லை.