ஒப்புக்குச் சப்பாணி (விளையாட்டு)

ஒப்புக்குச் சப்பாணி என்பது தமிழ்நாட்டுச் சிறுவர் விளையாட்டுகளில், வயதிலோ திறனிலோ குறைந்த ஒருவரை விதிவிலக்குடன் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் ஆகும். அவ்வாறு சேர்க்கப்படுபவரும் இப்பெயராலேயே அழைக்கப்படுகிறார். பேச்சு வழக்கில் இது உப்புக்குச் சப்பாணி எனவும் வழங்கும்.

சொற்பொருள்

'ஒப்புக்கு' என்பது பெயரளவுக்கு எனப் பொருள்படும். 'சப்பாணி' என்பதற்கு நடக்க இயலாதவர், கைகொட்டுதல் என இரு பொருள்கள் உண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் நான்காவதான சப்பாணிப் பருவம் இரண்டாம் பொருளில் அமைந்தது. அதிகாரம் ஏதுமின்றிப் பொறுப்பில் இருப்பவரையும் இத்தொடர் சுட்டும்.

ஆட்டத்தில் இடம்

ஓடிப்பிடித்தல், கண்ணாமூச்சி போன்ற ஆட்டங்களில் சப்பாணியைத் தொட்டாலும் கண்டுபிடித்தாலும் அவர் 'அவுட்' ஆவதில்லை. பிடிக்கும் முறையும் அவருக்கு வருவதில்லை. மூத்த சிறுவர்கள் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இதனை அறிவித்துவிடுவர். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புடன் விளையாட வருவோருக்கு இவ்வழக்கம் உதவுகிறது. சிறு குழந்தையைத் தனியே விட வேண்டியதில்லை, ஆட்டமும் தடைப்படுவதில்லை.

திறன் வளர்ச்சி

சப்பாணியாக ஆடும் குழந்தை விதிகள், ஆட்ட எல்லை, ஒளியும் இடங்கள், முறை காத்தல் ஆகியவற்றை ஆட்டத்தின் உள்ளிருந்தே கற்கிறது. புதியவர் ஒரு குழுவின் விளிம்பில் சிறு பங்கேற்று, படிப்படியாக முழு உறுப்பினராவதே கற்றல் என ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். இவ்வழக்கமும் அவ்வகையில் அடங்கும்.

எனினும் பிடிபடும் அச்சம் இல்லாததால், திசைமாற்றி ஓடுதல், நேரம் கணித்தல் முதலிய திறன்களுக்குத் தேவை எழுவதில்லை. ஆகவே விலக்கு எப்போது நீக்கப்படுகிறது என்பது முதன்மை பெறுகிறது. இதற்கு எழுதப்பட்ட விதி இல்லை. குழந்தையே கேட்டு முழு ஆட்டக்காரராவதும் உண்டு. விலக்கு நெடுநாள் நீடித்தால், பாதுகாப்பாகத் தொடங்கிய பெயர் கேலிப்பெயராக மாறிவிடக்கூடும்.

பிற பண்பாடுகளில்

இத்தகைய ஆட்டக்காரர் மராத்தியில் 'லிம்பு டிம்பு' எனவும், வங்காளத்தில் பால்சோறு எனப் பொருள்படும் 'துத்பாத்' எனவும் அழைக்கப்படுகிறார். கொரியாவில் முள்ளங்கிக் கிம்ச்சியின் பெயரான 'கக்டுகி' வழங்குகிறது. 2021இல் வெளியான 'ஸ்குவிட் கேம்' தொடரில் இவ்வழக்கம் இடம்பெற்றுள்ளது.

நிகழ்பட ஆட்டங்களில்

நிண்டெண்டோ நிறுவனம் 2013இல் வெளியிட்ட 'நியூ சூப்பர் லூயிஜி யூ' ஆட்டத்தில் நாபிட் என்னும் பாத்திரத்திற்குப் பகைவரால் பாதிப்பு நேர்வதில்லை; ஆனால் வலிமை தரும் பொருள்களை அது பயன்படுத்தவும் இயலாது. 2023இல் வெளிவந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர்' ஆட்டத்தில் நாபிட், யோஷி ஆகிய பாத்திரங்கள் இவ்வாறே அமைந்துள்ளன. பள்ளத்தில் விழுந்தால் இவையும் உயிர் இழக்கும். எனவே இவற்றைக் கொண்டு ஆடுபவருக்குத் தாண்டும் பயிற்சி கிட்டும்; பகைவரைத் தவிர்க்கும் பயிற்சி குறைவு. இங்கு ஆடுபவரே பாத்திரத்தைத் தேர்ந்து, விரும்பும்போது மாற்றிக்கொள்ளலாம். தெரு விளையாட்டில் அம்முடிவு பெரும்பாலும் குழுவினுடையது.