நரம்புச் சிலந்தியும் நீர்த்தெள்ளும்

‘நரம்புச் சிலந்தி’ என்றொரு கொடுநோய் முன்னாளில் தமிழகத்தில் இருந்தது. சிலந்தி என்பது இங்கு எட்டுக்காற் பூச்சியன்று. கட்டி என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. காலிலே கட்டி எழுந்து உடையும். நரம்பு போன்றதொன்று வெளிவரும். அதனைக் குச்சியிற் சுற்றி, நாளுக்குச் சிறிதாக இழுத்தெடுப்பர். உண்மையில் அது நரம்பன்று. ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை நீளும் புழு. அது உடலுட் புகுந்த வழியை உலகிற்குக் காட்டியது, குளத்துச் சிற்றுயிர்களைப் பிரித்தறியும் கலையே.

ஓலாந்து அறிஞர் சுவாமர்டாம் 1669இல் நீர்த்தெள்ளை விவரித்தார். தெள்ளுப்போல் துள்ளினும் அது பூச்சியன்று. இறால், நண்டுகளின் இனம். டென்மார்க்கு அறிஞர் முல்லர் 1785இல் வெளியிட்ட நூல், இச்சிற்றுயிர்களை டாஃப்னியா, சைக்ளொப்ஸ் முதலிய பெயர்களால் வகைப்படுத்தியது. முன்னது நீர்த்தெள்ளு, பின்னது கிரேக்கக் கதையின் ஒற்றைக்கண் அரக்கன் பெயரைப் பெற்றது.

ஆயினும் கண்ணை மட்டும் நோக்கி இனம் காணல் இயலாது. வளர்ந்த நீர்த்தெள்ளுக்கும் கண் ஒன்றே. முட்டையை நோக்குக. நீர்த்தெள்ளு தன் முதுகோட்டினுள் முட்டைகளைப் பொதிந்து வைக்கும். பெண் சைக்ளொப்ஸோ உடலின் இருபுறமும் இரு முட்டைப் பைகளைச் சுமந்து நீந்தும். அதன் வாலும் கவைபட்டிருக்கும்.

இவ்வேறுபாடு உயிர்காக்கும் வேறுபாடாயிற்று. 1870ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் ஃபெட்செங்கோ, நரம்புச் சிலந்திப் புழுவின் இளவுயிர் சைக்ளொப்ஸினுள் வளர்வதைக் கண்டறிந்தார். அச்சிற்றுயிரைத் தண்ணீரோடு விழுங்கியவர்க்கே நோய் வந்தது. மைசூர் நாட்டில் வி. என். மூர்த்தி 1930களில் இதனை மேலும் ஆராய்ந்தார். சைக்ளொப்ஸைத் தின்னும் மீன்களைக் கிணற்றில் விடும் முறையையும் ஆய்ந்தார். பகைவன் இன்னான் எனத் தெரிந்தபின், நெருங்கிய நெசவுத் துணியால் நீரை வடிகட்டுவதே பெருங்காப்பாயிற்று. இந்தியாவில் 1996இல் இறுதி நோயாளி காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் நாடு நோய் நீங்கியதென உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. மருந்தாலன்று, தடுப்பூசியாலுமன்று, அறிவாலும் துணியாலும் பெற்ற வெற்றி இது.

நம் நாட்டு நீர்த்தெள்ளு வகைகளைப் பற்றி இத்ரிஸ் எழுதிய நூலைச் செர்டாங் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1983இல் வெளியிட்டது. இத்தகைய நூல் நமக்கு இன்றியமையாதது. மேனாட்டுப் பாடநூல்கள் பெரிதாக வரையும் டாஃப்னியா வெப்பநாடுகளில் அரிது. மோய்னா போன்ற சிறுவகைகளே இங்கு மிகுதி. கோலசிலாங்கூர்த் தோட்டத்துக் குட்டையிலோ தஞ்சோங் காராங் வயல் வாய்க்காலிலோ ஒரு கண்ணாடிக் குவளை நீர் முகந்து, கைலென்சு வழியே மாணவர் காணட்டும். “முட்டை எங்கே உள்ளது?” என்று ஆசிரியர் முதலிற் கேட்கட்டும். பெயரை அவர்கள் பின்னர்க் கற்றுக்கொள்ளலாம்.