ஒருவனைச் சுற்றி ஓர் அணி: ஓவல் மைதானத்திலிருந்து ஒரு தோட்டத்து மைதானம் வரை

எங்கள் தோட்டத்து மைதானத்துக்கு ஒரு பக்கம் லயம், மறுபக்கம் பள்ளம். பந்து பள்ளத்தில் விழுந்தால், ஒருவர் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி எடுத்து வரும்வரை ஆட்டம் நிற்கும். ஹட்டனுக்கு அருகிலுள்ள அந்த மைதானத்தில் மாலை வேளைகளில் இளைஞர்களுக்கு உதைபந்தாட்டம் பழக்கி வருகிறேன். ஒரு வருடம் ஆடிய போட்டிகள் எல்லாவற்றிலும் தோற்றோம். அதற்குப் பாதிக் காரணம் நான்தான்.

தொலைக்காட்சியில் பார்த்த ஐரோப்பிய அணிகளைப் போல, பந்தைத் தரையோடு குறுகிய தூரத்துக்குக் கடத்தி ஆடும்படி சொல்லிக்கொடுத்தேன். புல்லும் கல்லும் கலந்த எங்கள் தரையில் பந்து நேராக உருளாது. அணியில் ஒரு தம்பி இருந்தான். இடது காலால் உயர்த்தி உதைத்தால், நாற்பது மீற்றருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருப்பவனின் முன்னால் பந்து வந்து விழும். ஆனால் அவனுக்கு ஓட்டம் மெது. எதிரணியிடமிருந்து பந்தைப் பறிக்கவும் வராது. "இவன் ஓடமாட்டான் சேர்" என்று மற்றவர்கள் சொன்னார்கள். நானும் அவனைப் பின்வரிசையில் ஓர் ஓரமாக நிறுத்தினேன். அவனிடம் இல்லாததைத் திருத்தப் போனதிலேயே அந்த வருடம் முடிந்துவிட்டது.

தோற்றுக்கொண்டிருக்கும் அணி எங்கிருந்து தொடங்க வேண்டும்? குறைகளை ஒவ்வொன்றாக அடைப்பதா, அல்லது கையிலுள்ள ஒரேயொரு பலத்தை எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப அடுக்குவதா? இந்தக் கேள்விக்கு விளையாட்டு வரலாற்றில் தெளிவான பதில்கள் உண்டு. அவற்றுள் மிகப் பெரியது நம்முடைய மலைநாட்டிலிருந்தே வந்தது.

எறிய முடியாதவருக்காக ஒரு திட்டம்

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்றொரு இடம் உண்டு. தாக்குதல் முழுவதும் அவர் கையிலிருந்துதான் தொடங்கும். 1970இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் இளம் குவார்ட்டர்பேக் கிரெக் குக் தோள்பட்டைக் காயத்தால் ஆட முடியாமல் போனார். பதிலுக்கு வந்தவர் வெர்ஜில் கார்ட்டர். அவருக்குப் பந்தை நெடுந்தூரம் எறியும் வலு இல்லை. ஆனால் குறுகிய தூரத்துக்குத் துல்லியமாக எறிவார், விரைவாக நகர்வார், விரைவாக முடிவெடுப்பார். உதவிப் பயிற்றுவிப்பாளர் பில் வால்ஷ் அவரை நீண்ட தூரம் எறியப் பழக்கவில்லை. குறுகிய எறிதல்களைக் கொண்டே தாக்குதல் திட்டத்தைப் புதிதாக வரைந்தார். முதல் ஏழு போட்டிகளில் ஆறில் தோற்ற அணி, அடுத்த ஏழையும் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது.

ஓவலில் ரணதுங்க எடுத்த முடிவு

இலங்கை 1981இல் டெஸ்ட் அந்தஸ்து பெற்றது. அடுத்த பத்து ஆண்டுகளில் வென்றவை இரண்டே டெஸ்ட் போட்டிகள். 1992 ஓகஸ்ட் 28இல் கொழும்பு கெத்தாராம மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முத்தையா முரளிதரன் அறிமுகமானார்.

அவரது பாட்டனார் 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். டரவளையிலும் ரதல்லையிலும் வெள்ளைக்காரத் துரைமார் தமக்கென அமைத்த மைதானங்களை வேலியோரம் நின்று பார்த்த சமூகம் நம்முடையது. கண்டியில் வளர்ந்த முரளி, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளராகத்தான் தொடங்கினார். பதினான்கு வயதில் அவரைச் சுழற்பந்துக்கு மாற்றியவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கையும், அபூர்வமாக வளையும் மணிக்கட்டும் அவருக்கு இருந்தன. குறை போலத் தெரிந்த அந்த உடலமைப்பே, எந்தத் தரையிலும் பந்தைத் திருப்பும் பலமாக மாறியது.

1998 ஓகஸ்ட் இறுதியில் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துடன் ஒரேயொரு டெஸ்ட். நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க, வழமைக்கு மாறாக இங்கிலாந்தை முதலில் துடுப்பெடுத்தாட அழைத்தார். பலரும் வியந்தார்கள். அவரது கணக்கு எளிமையானது: முரளி ஓர் இனிங்ஸில் நீண்ட நேரம் பந்துவீசிய பிறகு அவருக்கு ஓய்வு வேண்டும். இலங்கை நடுவில் துடுப்பெடுத்தாடினால் அந்த ஓய்வு கிடைக்கும்.

இங்கிலாந்து 445 ஓட்டங்கள் எடுத்தது. முரளி 59.3 ஓவர்கள் வீசி 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் எடுத்தார். பிறகு சனத் ஜயசூரிய 213, அரவிந்த டி சில்வா 152 என ஆடி, இலங்கை 591 ஓட்டங்களைக் குவித்தது. இளைப்பாறி வந்த முரளி இரண்டாவது இனிங்ஸில் 54.2 ஓவர்கள் வீசி 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளைச் சாய்த்தார். மீதமிருந்த ஒன்று ரன் அவுட். இலங்கை பத்து விக்கெட்டுகளால் வென்றது. இங்கிலாந்து மண்ணில் அதுவே இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி.

அந்த வெற்றியை முரளியின் 16 விக்கெட்டுகளோடு மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். ஒரு பயிற்றுவிப்பாளனாக நான் பார்ப்பது சுற்றியிருந்த ஏற்பாட்டை. துடுப்பாட்ட வீரர்கள் குவித்த ஓட்டங்கள் வெற்றிக்கு வழி திறந்ததோடு, அவருக்கு ஓய்வையும் வாங்கிக் கொடுத்தன. அவருடைய காலத்தின் பெரும்பகுதியில் மறுமுனையில் நின்று பந்துவீசிய இடதுகை வேகப்பந்து வீச்சாளர் சமிந்த வாஸ் 355 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்தார். முரளியின் பந்தில் மஹேல ஜயவர்தன மட்டும் 77 பிடிகளை எடுத்தார். துடுப்பின் விளிம்பில் பட்ட பந்தைப் பிடிக்க ஆளில்லாவிட்டால், எத்தனை சுழற்சி இருந்தும் என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு. 1995 டிசம்பரில் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் முரளியின் பந்துகளை முறையற்றவை என ஏழு தடவை அறிவித்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் ரொஸ் எமர்சனும் அப்படியே செய்தபோது, ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்தினார். ஒருவனை நம்பித் திட்டம் போட்டவர், அவனுக்குச் சிக்கல் வரும்போது முன்னால் போய் நிற்கவும் வேண்டும்.

முரளி 133 டெஸ்ட்களில் 800 விக்கெட்டுகளுடன் 2010 ஜூலையில் ஓய்வு பெற்றார். அவர் ஆடி இலங்கை வென்ற 54 டெஸ்ட்களில் அவர் எடுத்தவை 438. அதாவது, வென்ற போட்டி ஒவ்வொன்றிலும் சராசரியாக எட்டு.

இதை வாசிக்கும் பலருக்கு முரளியின் பெயரே கசக்கும் என்பதை அறிவேன். போரின் முடிவு குறித்தும் ஆட்சியாளர்கள் குறித்தும் அவர் பேசியவை, உறவுகளை இழந்தவர்களைப் புண்படுத்தின. 2020இல் எழுந்த எதிர்ப்பினால் அவரது வாழ்க்கைப் படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி விலகினார். அந்தக் கோபத்தைத் தள்ளிவைக்கும்படி யாரையும் கேட்க எனக்கு உரிமையில்லை. மைதானத்தில் அந்த அணி எப்படி அடுக்கப்பட்டது என்பதை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

தர்ஜினிக்குப் பந்து வந்து சேர வேண்டும்

வடக்கிலிருந்து ஓர் உதாரணம். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் ஆறு அடி பத்து அங்குலம். அந்த உயரத்துக்காகக் கேலி செய்யப்பட்ட பெண்ணைச் சுற்றித்தான் இலங்கை வலைப்பந்தாட்ட அணி தன் தாக்குதலை அமைத்தது. எதிரணியின் கை எட்டாத உயரத்தில் பந்தை அவருக்கு அனுப்பினால் போதும். 2018இல் இலங்கை ஆசியச் சாம்பியனானது.

2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிகமாக 348 கோல்கள் போட்டவர் அவரே. ஆனால் 16 அணிகளில் இலங்கைக்குக் கிடைத்தது 15ஆவது இடம். பலமான அணிகள் நடுக்களத்திலேயே பந்தைப் பறித்துவிட்டன. சிறந்தவர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது; அவரிடம் பந்தைக் கொண்டு சேர்ப்பவர்களும் பழக வேண்டும்.

எங்கள் மைதானத்தில்

அடுத்த வருடம் இடதுகால் தம்பியை நடுக்களத்துக்குக் கொண்டுவந்தேன். அவனுக்காகப் பந்தைப் பறிக்கும் வேலையை, ஓடிக் களைக்காத இருவரிடம் கொடுத்தேன். வேகமாக ஓடும் இருவரை இரு ஓரங்களிலும் நிறுத்தினேன். விதிகள் மூன்று: பந்து கிடைத்தால் முதலில் அவனைப் பார், அவன் தலையை நிமிர்த்தியதும் ஓரத்திலிருப்பவன் ஓடத் தொடங்கு, அவனை இருவர் மறித்தால் காலியான இடத்தில் நீ ஆடு. மூன்றாவது விதியைப் பழக்கத்தான் அதிக நாட்கள் எடுத்தன.

முணுமுணுப்பும் வந்தது. "எல்லாம் அவனுக்குத்தானா சேர்?" என்று பந்து பறிக்கும் பையன்களில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து, கோல் போட்டவனைப் பாராட்டும் முன் அந்தப் பந்தைப் பறித்தவன் யார் என்று எல்லோர் முன்னாலும் கேட்பேன். அந்த வருடம் நாங்கள் கிண்ணம் எதையும் வெல்லவில்லை. ஆனால் தோற்றதை விட வென்றவை அதிகம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அம்மாமார் சிலர் மாலையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருவனைச் சுற்றி அணியை அமைப்பதில் உள்ள ஆபத்து மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பையன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் தம்பியும் போனான். வீட்டில் கடன் இருந்தது. தடுக்க எனக்கு வழியில்லை.

இலங்கை அணியும் முரளியோடு முடிந்துவிடவில்லை. 1999இலேயே அறிமுகமான ரங்கன ஹேரத், முரளி இருந்தவரை பெரும்பாலும் அணிக்கு வெளியே காத்திருந்தார். பின்னர் 433 விக்கெட்டுகளுடன் ஓய்வு பெற்றார். அவர் முரளியைப் போல் பந்துவீசவில்லை. இடது கையால், தனக்கே உரிய பொறுமையோடு வீசினார். தலைவர்களும் களத்தடுப்பை அவருக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.

நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். தம்பியின் இடத்துக்கு வந்திருப்பவனுக்கு நீண்ட உதை வராது. ஆனால் பந்து அவன் காலில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேரைத் தாண்டாமல் விடமாட்டான். ஆகவே ஓரத்தில் நின்றவர்களை அவனருகே இழுத்துவிட்டு, மூன்று விதிகளில் இரண்டை அழித்து எழுதியிருக்கிறேன். தீபாவளி விடுமுறைக்கு வந்த தம்பி ஓரத்தில் நின்று பயிற்சியைப் பார்த்தான். "என்ன சேர், எல்லாத்தையும் மாத்திட்டீங்க?" என்றான்.

"ஆள் மாறிட்டானே தம்பி" என்றேன். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் இறங்கினான்.