காலை எப்போது அனுப்புவது?

ரோமானியத் தளபதி காயுஸ் மாரியுஸுக்கு இரண்டு காலிலும் சிரைகள் சுருண்டிருந்தன. கட்டிப்போடாமலே ஒரு காலை நீட்டினார். அறுத்து முடிக்கும்வரை முனகவில்லை. மருத்துவர் அடுத்த காலுக்கு வந்ததும், இத்தனை வலிக்கு அந்தக் குணம் ஈடாகாது என்று மறுத்துவிட்டார். புளூட்டார்க் எழுதிவைத்தது இது. எந்தக் காலை அறுவை மருத்துவரிடம் அனுப்புவது என்ற என் போன்ற பொதுமருத்துவர்களின் கேள்வி அவ்வளவு பழையது.

படுவாவில் ஃபாப்ரிசியஸ் 1603இல் சிரைகளின் வால்வுகளைப் படம் வரைந்து காட்டினார். இரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே போகத்தான் அவை என்று அவர் மாணவர் ஹார்வி 1628இல் விளக்கினார். வால்வு பழுதானால், நிற்கும்போது இரத்தம் கீழே இறங்கித் தேங்கும். அதைக் கையாலேயே கண்டறியும் சோதனையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் டிரெண்டலன்பர்க் பிரபலமாக்கினார். படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் சிரைகள் வடிந்து தட்டையாகும். தொடை இடுக்கில் கட்டைவிரலை அழுத்தியபடியே நோயாளியை எழுப்பி நிறுத்த வேண்டும். விரலை எடுத்ததும் மேலிருந்து சரசரவென நிரம்பினால் பழுது அந்த இடுக்கில்தான். இன்று டூப்ளெக்ஸ் ஸ்கேன் இதைத் துல்லியமாகச் சொல்கிறது. ஆனாலும் நிற்கவைத்துப் பார்க்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. படுத்திருக்கும் காலில் இந்த நோய் ஒளிந்துகொள்ளும்.

1907இல் அமெரிக்காவின் பாப்காக், கம்பியை உள்ளே விட்டுச் சிரையை உருவியெடுத்தார். நான் படித்த காலத்திலும் அதுதான் வழி. ஆஸ்பத்திரிப் படுக்கை, தொடையெங்கும் ரத்தக்கட்டு, சம்பளமில்லாத வாரங்கள். நாளெல்லாம் நிற்கும் துணிக்கடைப் பெண்ணிடம் சொன்னால் மாரியுஸின் பதில்தான் வரும். இறுக்கமான சாக்ஸ் எழுதிக்கொடுத்து, "காலை உசத்தி வைங்கம்மா" என்பதே அன்றைக்கு நியாயமாக இருந்தது.

சிரையை அடைக்கும் லேசர் ஊசித்துளை வழியே நுழைந்ததும் நியாயம் மாறியது. சிகிச்சை முடிந்து அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வரம்பைத் தெளிவாக வைத்தது: வலியோ கனமோ வீக்கமோ அரிப்போ இருந்தாலே நிபுணரிடம் அனுப்பு, தோல் கறுத்தாலும், முழங்காலுக்குக் கீழே 2 வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும் அனுப்பு, சிரை வெடித்து ரத்தம் வந்தால் உடனே. சிகிச்சைக்கு ஏற்ற காலைச் சாக்ஸோடு நிறுத்திவிடாதே. அங்கேயே 450 பேரிடம் நடந்த ஈவ்ரா ஆய்வு 2018இல் வெளிவந்தது. தாமதிக்காமல் சிரையை அடைத்த குழுவில் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 56 நாள். தள்ளிப்போட்ட குழுவில் 82.

இருந்தும், சாக்ஸை மட்டும் நம்பி வருடக்கணக்கில் கறுத்துப்போன கணுக்கால்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. புகைப்பவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் பாதத்தின் நாடியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் இறுக்கமான சாக்ஸ் மாட்டிவிடுகிறார்கள். தமனியில் அடைப்பிருந்தால் அதுவே காலைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் அவசரப்பட வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பின் பலருக்குச் சுருள் தானாகவே வடிந்துவிடுகிறது.